சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரி தேய்ந்ததா, வேறு கோளாறா என்று பிரித்துப் பார்க்கும் வழி

வேலூரில் சின்னதாக ஒரு செல்ஃபோன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "தம்பி, சார்ஜ் நிக்க மாட்டேங்குது, பேட்டரி மாத்திடு" என்று சொல்லிக்கொண்டேதான் பாதிப் பேர் உள்ளே வருகிறார்கள். நோயாளியே மருந்துச் சீட்டையும் எழுதிக்கொண்டு வந்த மாதிரி. கேட்டபடி மாற்றிக் கொடுத்தால் எனக்கு வரும்படிதான். ஆனால் கோளாறு பேட்டரியில் இல்லையென்றால் நாலாம் நாள் அதே ஆள் அதே வாசலில் நிற்பார். அப்போது பேச்சு இவ்வளவு மரியாதையாக இருக்காது.

அதனால் கடைக்கு வருவதற்கு முன் வீட்டிலேயே நீங்கள் பார்த்துவிடக்கூடியதை அறிகுறிவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் ஃபோன் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிப்பது கடைசியில். எல்லாம் ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு. மெனுவின் பெயர் பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதலில் இதை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: பேட்டரி உப்பியிருக்கிறதா?

பவுச்சைக் கழற்றுங்கள். ஃபோனைக் கண்ணாடி மேசையிலோ வழவழப்பான தரையிலோ மல்லாக்க வைத்து ஒரு விரலால் மெல்லச் சுழற்றிவிடுங்கள். கேமரா மேடு தூக்கலாக இருந்தால் குப்புறப் போட்டும் ஒருமுறை பாருங்கள். நல்ல ஃபோன் அரைச் சுற்றுக்குள் நின்றுவிடும். முதுகு உப்பியது பம்பரம் மாதிரி நடுப்பகுதியில் நின்று சுற்றும். அடுத்து ஓரங்களை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பேக் கவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி, டிஸ்ப்ளே ஒரு பக்கம் தூக்கியிருப்பது, நடுத்திரையில் மட்டும் மஞ்சளோ வெள்ளையோ திட்டு, யாரும் தொடாமலே டச் வேலை செய்வது, இவையெல்லாம் உள்ளிருந்து பேட்டரி தள்ளுவதன் அடையாளம்.

ஒரு டீச்சரம்மா பேக் கவர் ஒட்டத்தான் வந்தார். "கம் விட்டுப்போச்சு தம்பி, ஃபெவிக்விக் போட்டேன், திரும்பவும் வந்துடுச்சு" என்றார். கம் விடவில்லை. உள்ளே பேட்டரி தலையணை மாதிரி இருந்தது. அதன்மேல் கவரை அழுத்தி அழுத்தி மூன்று நாள் ஒட்டியிருக்கிறார்.

உப்பியிருந்தால் கீழே உள்ள எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளையும் நம்பாதீர்கள். ஃபோனை அணைத்து, துணி, மெத்தை, பேப்பர் பக்கத்தில் இல்லாத இடத்தில், மண்சட்டியிலோ டைல்ஸ் தரையிலோ வையுங்கள். நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பு நெடி வந்தால் பேட்டரியின் உறை கசிகிறது என்று அர்த்தம், வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். "ஃபோட்டோவெல்லாம் எடுத்துக்கறேன், ஒரு பத்து நிமிஷம் சார்ஜ் போட்டு" என்கிற ஆசையும் வேண்டாம். உங்கள் படங்கள் பேட்டரியில் இல்லை, ஃபோனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் இருக்கின்றன. பேட்டரி மாறிய பிறகும் அங்கேயேதான் இருக்கும். நேராகக் கடைக்கு வாருங்கள்.

அறிகுறி 1: முன்பு ராத்திரிவரை வந்தது, இப்போது மதியமே காலி

அதிகம் வருவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

*திடீரென்று ஆரம்பித்ததா, மெதுவாக வந்ததா?*

பேட்டரி தேய்வது வேட்டி வெளுப்பது போல. மாதக் கணக்கில் நடக்கும். "போன வாரம்வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் போன வாரம் என்ன மாறியது என்று யோசியுங்கள். புது ஆப்? ஆண்ட்ராய்டு அப்டேட்? வேறு ஊருக்குக் குடிபோனீர்களா? புது சிம்மா?

அப்டேட் என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அப்டேட் முடிந்த கையோடு ஃபோன் உள்ளுக்குள் ஆப்களையெல்லாம் மறுபடி ஒழுங்குசெய்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் சூடாவதும் சார்ஜ் குறைவதும் சகஜம்.

இல்லையென்றால் செட்டிங்ஸில் பேட்டரி யூசேஜைத் திறந்து பாருங்கள். பட்டியலில் மேலே இருக்க வேண்டியது நீங்கள் அதிகம் பார்க்கும் ஆப்தான். தொட்டே பார்க்காத ஆப் ஒன்று மேலே உட்கார்ந்திருந்தால் அதைத் தூக்குங்கள். பேட்டரி சேவர், ரேம் பூஸ்டர், கூலிங் மாஸ்டர் என்ற பெயரில் இருப்பவற்றை யோசிக்காமல் தூக்கலாம். பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி விளம்பரம் ஓட்டியே அதைக் காலி செய்பவை அவை.

*சிக்னல் சோதனை*

கோட்டைச் சுவர் ஓரம் கடை வைத்திருக்கும் ஒருவர் ஃபோன் அங்கே ஐந்து மணி நேரம்தான் வருகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ராத்திரிவரை வருகிறதாம். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் ஃபோன் ஓயாமல் தேடும். 5ஜி வந்து வந்து போகிற இடமென்றால் இன்னும் மோசம். நெட்வொர்க் செட்டிங்கில் 4ஜிக்கு மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அவருக்கு அதோடு தீர்ந்தது. நான் காசு வாங்கவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

*இப்போது பேட்டரியையே கேட்போம்*

மேலே சொன்னது எதுவும் இல்லையென்றால் தேய்மானத்தை அளக்கலாம்.

கூகுளின் பிக்சல் 8ஏ முதல் வந்த மாடல்களில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் நேராகவே சொல்லிவிடும். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும். ஒன்பிளஸ், ஒப்போ, ரியல்மீயில் பல மாடல்களில் பேட்டரி மெனுவுக்குள் பேட்டரி ஹெல்த் சதவீதம் இருக்கிறது. சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பைத் திறந்து சப்போர்ட் பகுதியில் ஃபோன் டயக்னாஸ்டிக்ஸ், அதில் பேட்டரி ஸ்டேட்டஸ். பெரும்பாலான கேலக்ஸி ஃபோன்களில் சதவீதம் வராது, நிலைமையை ஒரு வார்த்தையில் சொல்லும்.

ரெட்மி, போகோ வைத்திருப்பவர்கள் டயல் பேடில் *#*#6485#*#* என்று அழுத்திப் பாருங்கள். பல மாடல்களில் வரிவரியாக எண்கள் வரும். எம்எஃப் (MF) என்று தொடங்கும் வரிகளில் 02 எத்தனை சுற்று சார்ஜ் ஆகியிருக்கிறது என்பது, 05 இப்போது எவ்வளவு பிடிக்கிறது, 06 ஃபேக்டரியிலிருந்து வந்தபோது எவ்வளவு பிடித்தது. 05-ஐ 06-ஆல் வகுத்தால் மிச்சம் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். பழைய ஆண்ட்ராய்டுகளில் *#*#4636#*#* போட்டாலும் பேட்டரி விவரம் வந்துகொண்டிருந்தது. புதியவற்றில் அந்தப் பக்கம் பெரும்பாலும் இல்லை. வரவில்லை என்றால் ஃபோன் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

சுற்று என்பது நீங்கள் சார்ஜர் சொருகிய தடவை அல்ல. இன்று 50, நாளை 50 ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் ஃபோன்களுக்கு 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. பழைய ஃபோன்களில் 500 சுற்றைச் சுற்றியே பேட்டரி தளரத் தொடங்குவதைப் பார்க்கிறேன். தினம் ஒரு முழுச் சார்ஜ் செலவழிப்பவருக்கு 500 என்பது ஒன்றரை வருடத்துக்குள் வந்துவிடும்.

*மெனுவில் எதுவும் இல்லாத ஃபோனுக்கு*

அக்குபேட்டரி (AccuBattery) என்ற ஆப்பைப் போடுங்கள். ஒருமுறை சார்ஜ் போட்டுவிட்டு அது சொல்லும் எண்ணை நம்பி ஓடிவராதீர்கள். 20-க்குக் கீழிருந்து 80, 90 வரை ஏற்றுவதை நாலைந்து தடவை அது பார்த்தால்தான் கணக்கு ஒரு நிலைக்கு வரும். முதல் நாள் 71, மறுநாள் 88 என்று காட்டும். ஒரு வாரம் கழித்துத்தான் பொருட்படுத்த வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில ஃபோன்கள் பேட்டரியை அளக்காமலே, ஃபேக்டரி கொள்ளளவைச் சதவீதத்தால் பெருக்கி ஆப்புக்குக் கொடுத்துவிடும். மூன்று வருடம் ஓடிய ஃபோன் துல்லியமாக 5,000 எம்ஏஎச் (mAh, பேட்டரியின் கொள்ளளவு) காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அது உங்கள் பேட்டரியைப் பற்றிப் பேசவில்லை, பெட்டியில் அச்சடித்ததை ஒப்பிக்கிறது.

நான் அதிகம் நம்புவது ஒரு யூஎஸ்பி மீட்டரைத்தான். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே சொருகுகிற கட்டைவிரல் அளவுச் சாமான். உள்ளே போன மின்சாரத்தை வாட் அவர் (Wh) கணக்கில் காட்டுகிற மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். ஃபோன் தானாக அணையும்வரை ஓட்டுங்கள். பிறகு ஆன் செய்யாமலே, சாதாரண சார்ஜரில் மீட்டர் வழியாக 100 வரை ஏற்றுங்கள். 5,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் அதற்குள் அடங்குவது சுமார் 19 வாட் அவர். வழியில் சூடாகப் போவதையும் சேர்த்து மீட்டரில் 21, 22 வந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 15-லேயே நிறைந்துவிட்டதென்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. காலி, நிறைவு என்ற இரண்டு முனையைத் தவிர, ஃபோன் சொல்லும் சதவீதத்தை இந்தச் சோதனை கேட்பதில்லை என்பதால்தான் எனக்கு இது பிடிக்கும்.

*முடிவு*

மிச்சம் 85 சதவீதத்துக்கு மேல்: பேட்டரியை விடுங்கள், ஆப்பையும் சிக்னலையும் மறுபடி பாருங்கள். 80-க்கும் 85-க்கும் நடுவில்: உங்கள் பொறுமையைப் பொறுத்தது, என்னைக் கேட்டால் இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம். 80-க்குக் கீழ், அன்றாடத்துக்குப் போதவில்லை: மாற்றுங்கள். பேட்டரியும் கூலியும் சேர்ந்து, அந்த ஃபோன் இன்று என்ன விலைக்குப் போகுமோ அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

பிக்சல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிக்சல் 4ஏ-வுக்கு 2025 ஜனவரியிலும், பிக்சல் 6ஏ-வுக்கு அதே வருடம் ஜூலையிலும் கூகுள் அனுப்பிய அப்டேட், பாதுகாப்பை முன்னிட்டுப் பல ஃபோன்களில் சார்ஜ் கொள்ளளவையே குறைத்தது. 6ஏ-வில் 400 சுற்றைத் தாண்டிய ஃபோன்களுக்கு. அந்த இரண்டு மாடலில் 'ஒரே நாளில் பேட்டரி செத்துவிட்டது' என்றால் எந்த ஆப்பையும் தேட வேண்டாம்.

அறிகுறி 2: 30, 40 சதவீதம் இருக்கும்போதே சட்டென்று அணைகிறது

சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் வந்தான். "அண்ணே, 38 இருக்கு. கஸ்டமர் வீட்டு வாசல்ல பார்சல ஃபோட்டோ எடுக்கறேன், டப்புனு ஆஃப் ஆயிடுது. சார்ஜர் போட்டா 36 காட்டுது. ஃபோன் பொய் சொல்லுதா?"

ஃபோன் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. உள்ளே சார்ஜ் இருக்கிறது. ஆனால் கேமராவும் ஃபிளாஷும் ஒன்றாகக் கேட்கும்போது அந்த வேகத்துக்குக் கொடுக்க வயதான பேட்டரிக்கு முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாய் அடைத்திருக்கிறது. இந்த ஃபோனைப் பேட்டரி ஹெல்த் மெனுவில் பார்த்தால் 84, 86 என்றுகூடக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு பேட்டரி நல்லதுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

*சோதனை ஒன்று.* அணைந்ததும் சார்ஜரைப் போட்டு ஆன் செய்யுங்கள். அணைந்தபோது இருந்த சதவீதத்துக்குப் பக்கத்திலேயே காட்டினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. 38-ல் அணைந்தது 2, 3 என்று எழுந்தால் ஃபோனின் கணக்குத்தான் பிசகியிருக்கிறது, அறிகுறி 3-க்குப் போங்கள்.

*சோதனை இரண்டு.* வோல்ட் காட்டும் ஏதாவது ஒரு பேட்டரி ஆப்பைத் திறங்கள். 40, 50 சதவீதத்தில் ஃபோன் சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள், 3.8 வோல்ட் அளவில் இருக்கும். இப்போது வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, ஃபிளாஷோடு வீடியோ எடுத்துக்கொண்டே ஆப்புக்குத் திரும்பிப் பாருங்கள். வீடியோ நின்றுவிடுகிறதென்றால் டார்ச்சோடு ஒரு கேமைப் பின்னால் ஓடவிட்டுப் பாருங்கள். நல்ல பேட்டரி 0.1, 0.15 வோல்ட் இறங்கும். அந்தப் பையனுடையது 3.81-லிருந்து 3.38-க்கு விழுந்தது. நான் 0.3-ஐக் கோடாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் விழுந்தால் பேட்டரிதான்.

*சோதனை மூன்று.* வோல்ட் பெரிதாக விழவில்லை, ஆனாலும் அணைகிறது என்றால் அணையும் நேரத்தைக் கவனியுங்கள். கீழே வைக்கும்போது, லேசாகத் தட்டினால், பாக்கெட்டில் போட்டதும் அணைகிறதா? முன்பு எப்போதாவது விழுந்த ஃபோனா? பேட்டரி கனெக்டர் லூஸாக இருக்கும். திறந்து அழுத்திவிட்டால் தீர்ந்தது, பேட்டரிக் காசு மிச்சம். பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் ஃபோன் தானாக அணைந்து அணைந்து எழும். இரண்டுக்கும் ஃபோனைத் திறக்க வேண்டும், கடைக்கு வாருங்கள்.

அறிகுறி 3: சதவீதம் தாவுகிறது

60-லிருந்து நேராக 41. அல்லது ரீஸ்டார்ட் செய்தால் 12 இருந்தது 27 ஆகிறது. அல்லது 1 சதவீதத்திலேயே இருபது நிமிடம் ஓடுகிறது.

ஒரே ஒருமுறை, அணையும்வரை ஓட்டி, இடையில் பிடுங்காமல் 100 வரை ஏற்றி, 100 வந்த பிறகும் ஒரு மணி நேரம் விடுங்கள். கணக்கு சரியாக உட்கார இது போதும். மாதாமாதம் செய்யச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அடிமட்டம்வரை இறக்குவதே பேட்டரிக்குக் கெடுதல்.

அதற்குப் பிறகும் தாவினால், அதுவும் எப்போதும் ஒரே இடத்தில் தாவினால், பேட்டரி முடிந்தது. புது பேட்டரி போட்ட பிறகு தாவ ஆரம்பித்ததென்றால் கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

அறிகுறி 4: சார்ஜ் ஏறவில்லை, அல்லது நத்தை மாதிரி ஏறுகிறது

இங்கே பேட்டரியைச் சந்தேகிப்பது கடைசி.

*முதலில் துளையைப் பாருங்கள்.* பெரியவர் ஒருவர் இரண்டு சார்ஜர் வாங்கி ஓய்ந்துபோய் வந்தார். வயர் சொருகினால் முழுதாக உள்ளே போகாமல் நூலளவு வெளியே நின்றது. மரப் பல்குச்சியை விட்டு மெல்ல நெம்பினேன். சாம்பல் நிறத்தில், அழுத்திவைத்த பஞ்சு மாதிரி ஒரு வில்லை வெளியே வந்தது. கையில் நசுக்கிப் பார்த்தால் விபூதி வாசனை. சட்டைப் பையில் ஃபோனோடு கோயில் விபூதிப் பொட்டலத்தையும் வைத்துக்கொள்கிற பழக்கம். சார்ஜர் இரண்டும் நல்ல சார்ஜர்தான்.

நீங்களும் செய்யலாம். ஃபோனை அணைத்துவிட்டு, மரக்குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ மட்டும். குண்டூசி, ஹேர்பின், சிம் பின் கூடவே கூடாது. நடுவில் இருக்கும் சின்ன நாக்கு உடைந்தால் சார்ஜிங் பின்னே மாற்ற வேண்டிவரும்.

*வயரைத் திருப்பிச் சொருகுங்கள்.* டைப் சி எந்தப் பக்கம் சொருகினாலும் ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சார்ஜிங் பின்னிலோ வயரின் தலையிலோ ஒரு வரிசை தேய்ந்திருக்கிறது. வேறு வயரில் முயன்றால் எது என்று தெரிந்துவிடும்.

*சார்ஜரை மாற்றுங்கள், ஆனால் சரியாக மாற்றுங்கள்.* 67 வாட், 80 வாட் என்று வரும் ஃபோன்கள் பலவும் அதே கம்பெனி அடாப்டரும் அதே கம்பெனி வயரும் சேர்ந்தால்தான் அந்த வேகத்தில் ஏறும். அண்ணன் வீட்டு வேறு பிராண்டு சார்ஜரில் போட்டால் 10 வாட்டில்கூட ஏறலாம். அது கோளாறு இல்லை.

*80-லேயே நின்றுவிடுகிறதா?* சந்தோஷப்படுங்கள். பேட்டரி புரொடெக்‌ஷன் ஆன் ஆகியிருக்கும். சாம்சங்கில் அதை மேக்ஸிமம் என்று வைத்திருந்தால் 80-லோ, புதிய மாடல்களில் நீங்கள் வைத்த வரம்பிலோ நின்றுவிடும். பிக்சலிலும் 80-ல் நிறுத்தும் வசதி உண்டு. கணக்கைச் சரிபார்க்க எப்போதாவது அதுவே 100 வரை போய்விட்டு வரும்.

*நீங்களே கைவைக்கக் கூடாத இடம்.* மேலே எதுவும் இல்லை, தண்ணீரில் விழுந்த ஃபோன், அல்லது துளைக்குள் பச்சைப் பாசி மாதிரி தெரிகிறது, அல்லது சொருகும் இடத்தில் மட்டும் கை சுடுகிறது. சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கொண்டுவாருங்கள். சார்ஜிங் பின்னோ, அது இருக்கும் சின்ன போர்டான சப் போர்டோ மாற்றினால் சரியாகிற கேஸ்தான் அதிகம். சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப்பான சார்ஜிங் ஐசி போயிருந்தால் செலவு கூடும், முதலில் எஸ்டிமேட் கேளுங்கள்.

*சுத்தமாக உயிரே இல்லை* என்றால் சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் அரை மணி நேரம் விட்டுவிட்டு, பவர் பட்டனையும் வால்யூம் கீழ் பட்டனையும் சேர்த்து இருபது விநாடி அழுத்துங்கள். மாதக் கணக்கில் பீரோவில் கிடந்த ஃபோன்கள் பல இப்படி எழுந்திருக்கின்றன. எழவில்லையென்றால் கடையில் பேட்டரியின் வோல்ட்டை மீட்டரில் பார்ப்போம். ரொம்பக் கீழே போனதை 'பூஸ்ட்' போட்டு எழுப்புவது கடைகளில் வழக்கம். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை நான் எழுப்புவதில்லை. எழுந்தாலும் அதை யார் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவது?

அறிகுறி 5: தொடாமல் வைத்திருந்தாலே குறைகிறது

ராத்திரி 10 மணிக்குச் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஃபிளைட் மோடில் போட்டுத் தூங்குங்கள், காலை 6 மணிக்குப் பாருங்கள். மறுநாள் ஃபிளைட் மோடு இல்லாமல் அதே மாதிரி.

ஃபிளைட் மோடில் 2, 3 குறைந்து, சாதாரணமாக விட்டபோது 12, 15 குறைந்ததா? ஆப் அல்லது சிக்னல். பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் பல ஃபோன்களில் சேஃப் மோடு கேட்கும், அதில் ஃபோனோடு வந்த ஆப்கள் மட்டும்தான் ஓடும். அதில் ஒரு ராத்திரி விடுங்கள். குறையவில்லையென்றால் நீங்கள் போட்ட ஆப்களில் ஒன்றுதான் திருடன். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள்.

ஃபிளைட் மோடிலும் 10-க்கு மேல் குறைகிறதா? இன்னொரு ராத்திரி முழுக்கவே அணைத்து வையுங்கள். அணைத்து வைத்தும் குறைந்தால் பேட்டரி தேய்ந்திருக்கலாம், போர்டில் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிவு இருக்கலாம். இரண்டையும் வீட்டில் பிரிக்க முடியாது.

இந்த இடத்தில் நான் வாங்கிய பாடத்தைச் சொல்லியாக வேண்டும். கடை ஆரம்பித்த புதிது. ஒரு அக்காவுக்கு இதே கோளாறுக்குப் பேட்டரி மாற்றினேன். ஐந்தாம் நாள் வந்தார். பேட்டரி டூப்ளிகேட்டாக இருக்கும் என்று வேறு ஒன்று போட்டேன், என் காசில். மறுபடி வந்தார். அப்போதுதான் பேட்டரியைக் கழற்றிவிட்டு போர்டை டிசி சப்ளையில் மாட்டினேன், பேட்டரிக்குப் பதில் கரண்ட் கொடுத்து எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் கருவி அது. பவர் பட்டனை இன்னும் தொடவேயில்லை, மீட்டர் 60 மில்லியாம்ப் காட்டியது. காட்ட வேண்டியது கிட்டத்தட்ட பூஜ்ஜியம். சார்ஜிங் பகுதியில் கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட். அதை எடுத்ததும் எண் இறங்கியது. அன்றிலிருந்து இந்த அறிகுறிக்கு, சப்ளையில் மாட்டாமல் பேட்டரி விலை சொல்வதில்லை. நீங்களும் கடையில் "டிசி சப்ளைல போட்டுப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அறிகுறி 6: சூடாகிறது

எங்கே சுடுகிறது என்று தடவிப் பாருங்கள். மேலே கேமரா பக்கம் சுட்டால் பெரும்பாலும் புராசஸர்: கேம், வீடியோ கால், ஹாட்ஸ்பாட். முதுகின் நடுவிலோ கீழ்ப்பாதியிலோ சுட்டால் பேட்டரி. சார்ஜிங் துளையில் சுட்டால் அறிகுறி 4.

எங்கள் ஊர் கத்திரி வெயிலில் பைக் ஹேண்டிலில் ஃபோனை மாட்டி, மேப் போட்டு, பைக் சார்ஜரிலும் சொருகிக்கொண்டு போகிறவர்கள் வாங்கிய ஒரே வருடத்தில் பேட்டரிக்கு வருகிறார்கள். வெயில், ஜிபிஎஸ், சார்ஜ் மூன்றையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். மூன்றில் ஒன்றை விட்டாலும் போதும்.

பேட்டரி ஆப்பில் வெப்பமும் காட்டும். சும்மா இருக்கையில் 30-லிருந்து 38 டிகிரி நம் ஊருக்குச் சாதாரணம். சார்ஜில் 45-ஐத் தொட்டால் பவுச்சைக் கழற்றி, சார்ஜிங்கின்போது பயன்படுத்துவதை நிறுத்திப் பாருங்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது அறவே வேண்டாம். குளிர வைக்க ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் கோத்து, பேட்டரிக்கு வந்தவர் போர்டுக்குச் செலவழித்துவிட்டுப் போவார்.

அணைத்து வைத்தும், சார்ஜ் போடாமலும் சூடாக இருந்தால் அது ஷார்ட். காத்திருக்காதீர்கள்.

அறிகுறி 7: பேட்டரி மாற்றியும் அதே கதை

முதல் இரண்டு மூன்று நாள் சதவீதம் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், ஃபோன் புதுப் பேட்டரியைப் பழகிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் பழைய கதையென்றால் இரண்டில் ஒன்று.

ஒன்று, முதலிலேயே கோளாறு பேட்டரியில் இல்லை. அறிகுறி 5-லிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

இரண்டு, போட்ட பேட்டரியே சரியில்லை. ஒரிஜினல் 5,000 எம்ஏஎச் இருந்த அதே குழிக்குள் அதே தடிமனில் 6,500 என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி வந்தால் அந்த 1,500 ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது. அறிகுறி 1-ல் சொன்ன யூஎஸ்பி மீட்டர் சோதனையைப் புதுப் பேட்டரிக்கும் செய்யுங்கள். 5,000 என்று விற்றது 16 வாட் அவரில் நிறைந்தால் மீட்டரோடு கடைக்குப் போய்ப் பேசலாம். பில்லும் மூன்று மாதமாவது வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். வாரண்டி தராத கடைக்காரருக்கு அந்தப் பேட்டரியைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஃபோன் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றால், திறந்து மூடிய பிறகு அந்த நம்பிக்கையில் குழாயடியில் காட்டாதீர்கள். புதுக் கம் போட்டாலும் கம்பெனியில் வந்த பிடிப்பு வராது.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பழைய பேட்டரியை வாங்கிப் பாருங்கள். உங்கள் ஃபோனிலிருந்து வந்ததுதானா, உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போடக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது தனியாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருள். நாங்கள் கனெக்டரில் டேப் சுற்றி, மணல் போட்ட ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் சேர்த்துவைக்கிறோம். நிறைந்ததும் இ-வேஸ்ட் எடுக்கிறவர் வந்து தூக்கிக்கொண்டு போவார்.